வாடை இல்லையென்றால் கேஸ் இல்லை

திரையில் கோடு இன்னும் நேராகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஊசியால் பையிலிருந்து கேஸை இழுத்து மெஷினுக்குள் தள்ளி, பொத்தானை அமுக்கிவிட்டு உட்கார்ந்தாயிற்று. இனி நான் செய்ய ஒன்றுமில்லை. குரோமட்டோகிராஃப் என்று இதற்கு எவ்வளவு பெரிய பெயர், செய்கிற வேலை என்னவோ கூட்டத்தை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருத்தராக வெளியே விடுவதுதான். முதலில் காற்று வரும், திரையில் ஒரு மேடு. பிறகு மீத்தேன், இன்னொரு மேடு. அதற்கும் பிறகு கார்பன் டை ஆக்ஸைடு. மீத்தேன் மேடு இருக்கிற இடம் தெரியாமல் சின்னதாக வந்தால் குப்பைமேட்டில் நாங்கள் வைத்திருக்கிற கருவி அதை உடைக்கிறது என்று அர்த்தம். பெரிதாக வந்தால் உடைக்கவில்லை. எத்தனையோ தடவை பார்த்ததுதானே, இன்றைக்கு மட்டும் எதற்கு இப்படித் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்? காலையில் கருவியிலிருந்து வெளியே வருகிற காற்றைப் பையில் பிடித்துக்கொண்டுவந்து கொடுக்கும்போது தாமோதரன் ஏதோ சொன்னார். கருவியைப் பார்த்துக்கொள்கிற எலெக்ட்ரீஷியன், வாய் ஓயாத மனிதர், வழக்கம்போல நான் பாதியைக் கேட்டேன், பாதியை விட்டேன். விட்ட பாதிதான் இப்போது உறுத்துகிறது. என்ன சொன்னார். லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது மேடம், ஆனா வாடை சுத்தமா இல்ல. ஆமாம், அதுதான். ஆனா வாடை சுத்தமா இல்ல. அந்த 'ஆனா'வைக் கேட்டதும் நானும் தலையை ஆட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்பதுபோல.

மத்தியானமே வெளியே இருட்டிக்கொண்டு வருகிறது. நேற்றும் இந்த நேரத்துக்குத்தான் ஆரம்பித்தது மழை. கல்லூரி வாசல் வேப்பமரத்துக்கு மேலே மேகம் கரிச்சட்டி அடி மாதிரி நிற்கிறது. குப்பைமேட்டில் இந்நேரம் தூற ஆரம்பித்திருக்கும். அது இப்போது குப்பைமேடு மாதிரியா இருக்கிறது, மண்ணைப் போட்டு மூடி, புல்லை வளர்த்து, தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கோயில் கரடு. உள்ளே மட்டும் ஊர் பல வருடமாகக் கொட்டியதெல்லாம் அழுகிக்கொண்டே இருக்கிறது. அழுகினால் கேஸ் வரும். அந்தக் கேஸ் வெளியேறத்தான் ஓர் உயரமான இரும்புக் குழாய். கொளுத்திவிட வேண்டியதுதானே என்று யார் வந்தாலும் கேட்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கூடக் கேட்டார். கொளுத்த முடியாதுங்க, மெலிசாக வருகிறது, பற்றாது. அப்போ விட்டுவிட வேண்டியதுதானே. விடவும் முடியாது, மேலே போய் உலகத்துக்கே போர்வை போர்த்தி வேகவைக்கும். பற்றவும் பற்றாது, விடவும் கூடாது, அப்படி ஒரு சனியன். அதற்காகத்தான் கண்ணாடிக் குழல், அதற்குள் உயர் மின்னழுத்தம், ஊதா நிறத்தில் ஒரு வெளிச்சம். பிளாஸ்மா. குப்பைமேட்டுக்குப் பக்கத்து வீட்டுத் துளசிமணி அக்கா முதல் நாள் அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, "இது யாரு ரத்தமுங் அம்மிணி?" என்று பயந்துபோய்க் கேட்டாள். அந்தக் கொரோனாக் காய்ச்சல் காலத்தில் ஊரெல்லாம் பிளாஸ்மா வேண்டும் பிளாஸ்மா வேண்டும் என்று செல்போனில் அலைந்ததே, அது. ரத்தமெல்லாம் இல்லைக்கா, மின்னல் மாதிரி ஒன்று, சின்னதாகக் குழலுக்குள்ளே என்றேன். மின்னல் மட்டும் போதாது. குழல் நிறைய ஜவ்வரிசி போல வெள்ளை மணிகள், அவற்றின் மேல் பல்லேடியம் பூச்சு. மின்னல் மீத்தேனை அசைத்துக்கொடுக்கும், மணிகள் பிடித்து உடைக்கும். வினையூக்கி. பத்தாம் வகுப்பில் நெட்டுரு போட்டது இன்னும் நாக்கில் இருக்கிறது. வினையூக்கி என்பது தான் எந்த மாற்றமும் அடையாமல் வினையின் வேகத்தை மட்டும் மாற்றும் பொருள். தான் எந்த மாற்றமும் அடையாமல். அப்படி ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறது என்று அந்த வயதில் எவ்வளவு நிம்மதியாக இருந்தது.

முதல் மேடு எழும்புகிறது. காற்று. இது எப்போதும் வருவதுதான். அம்மா நினைவு எதற்கு வருகிறது இப்போது. அம்மா ராத்திரி படுக்கப் போகுமுன் அடுப்படியில் குனிந்து சிலிண்டர் வாயை மோந்துபார்ப்பாள், நாங்கள் சின்னதாக இருந்த நாளிலிருந்து. மோந்துவிட்டு, வாடை இல்லை, தூங்குங்கடி என்பாள். அதற்குப் பிறகுதான் எங்களுக்குத் தூக்கமே வரும். கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த வாடை கேஸுடையதே இல்லை, கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று கம்பெனிக்காரன் கலந்துவிடுவது. அம்மாவிடம் போய்ச் சொன்னேன். போடி, கேஸுன்னா நாறும், இதுக்குக் காலேஜு வேற என்று சிரித்தாள். காய்ச்சல் வந்துபோனதிலிருந்து அம்மாவுக்கு மூக்கு செத்துவிட்டது. மல்லிகைப்பூவும் தெரியவில்லை, மீன் கழுவிய தண்ணீரும் தெரியவில்லை. இப்போது நான்தான் தினமும் குனிந்து மோந்துபார்த்துச் சொல்ல வேண்டும். வாடை வருதாடி? இல்லம்மா. நல்லா பாத்தியா? பாத்தேம்மா. வாடை இல்லையென்றால் கேஸ் இல்லை. நம் ஊரில் எல்லா வீட்டுச் சமையலறையும் இந்த ஒரு நம்பிக்கையின்மேல்தான் தூங்குகிறது. சிலிண்டருக்கு அது சரி. குப்பைமேட்டுக் கேஸுக்கு யார் வாசனை கலந்தார்கள்? மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. அந்த மேட்டில் இத்தனை வருடம் மூக்கைத் துளைத்தது மீத்தேன் இல்லை, அதோடு கூடவே வந்த கந்தக வாயு. அழுகின முட்டை நாற்றம். ஒருத்தன் சத்தமே இல்லாமல் நடப்பவன், கூட வருகிறவன் சலங்கை கட்டியவன். சலங்கை கேட்டால் ரெண்டு பேரும் வருகிறார்கள் என்று தெரிந்துவிடும். கருவி ஓடத் தொடங்கிய வாரமே சலங்கை நின்றுவிட்டது. ஜனம் கும்பிட்டது என்னை.

உண்மையாகவே கும்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன். "பேரே சுகந்தி, அதான் அம்மிணி வந்ததும் நாத்தம் ஓடிப்போச்சு" என்றாள் துளசிமணி அக்கா. மேட்டை ஒட்டியிருக்கிற வீடுகளில் அவளுடையதுதான் குழாய்க்கு ரொம்பப் பக்கம். குப்பை பிரிக்கிற வேலை, புருஷன் இல்லை, சங்கீதா என்று ஒரே பெண், பில்லிங் கவுன்ட்டரில் நிற்கிறாள், மூக்கும் முழியுமாக இருப்பாள். போன வருடம் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் காரைவிட்டே இறங்கவில்லையாம். கண்ணாடியை இறக்கினார்கள், வாடை முகத்தில் அடித்தது, கண்ணாடியை ஏற்றினார்கள், வண்டி அப்படியே பின்னால் போனது. பட்டுச்சேலை கட்டி நின்ற பெண் அதைச் சன்னலில் இருந்து பார்த்தாளாம். அக்கா இதை என்னிடம் அழாமல் சொன்னாள், அதுதான் தாங்க முடியவில்லை. "நம்மளப் புடிக்கலைன்னாக்கூட பரவால்லீங், நம்மளப் பாக்கவே இல்லீங்களே." வாடை போன பிறகு அந்தத் தெருவே மாறிவிட்டது. வாசலில் கட்டில் போட்டுப் படுக்கிறார்கள். சன்னலைத் திறந்துவைக்கிறார்கள். துளசிமணி அக்கா கருவி இருக்கிற அறையின் சுவரிலேயே தகரத்தைச் சாய்த்து இறக்கி, நாலு பக்கமும் மறைத்து, புதுசாக அடுப்படியே கட்டிக்கொண்டாள். கருவியிலிருந்து கழிவுக் காற்று வெளியே போகிற குழாய் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் முடிகிறது. போன வாரம் தாமோதரன் போட்டோ அனுப்பினார். நான் சிரித்துக்கொண்டே பார்த்தேன். சுவர் கிடைத்தால் விடுவார்களா நம் ஆட்கள் என்று நினைத்தேன், அப்புறம் வேறு வேலை வந்துவிட்டது. இன்றைக்கு மறுபடி சங்கீதாவைப் பார்க்க வருகிறார்கள். இன்றைக்குத்தான், இதோ இந்த மத்தியானம். நேற்றே போன் பண்ணினாள் அக்கா. "பஜ்ஜி போடறேனுங், புது அடுப்படியில. அம்மிணிக்கும் எடுத்து வெக்கறேன்."

கதவு திறக்கிறது, குழந்தைவேல் சார். எங்கள் துறைத் தலைவர், நல்ல மனிதர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற கருவிக்கு நாளை நடக்கப்போகிற திறப்பு விழாவுக்கு இன்றைக்கே முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். "சுகந்தி, பேனர் வந்துருச்சும்மா, பாரு" என்று செல்போனை நீட்டுகிறார். பெரிய எழுத்தில் வாடை ஒழிப்பு இயந்திரத் திறப்பு விழா. கீழே அவர் படம், என் படம், ரெண்டு பேருமே கொஞ்சம் வெளுப்பாக. "சார், மீத்தேன்னு ஒரு வார்த்தைகூட இல்லையே." "மீத்தேன்னா யாருக்கும்மா தெரியும்? வாடைன்னா எல்லாருக்கும் தெரியும். அவங்க கண்ட பலன் அதுதானே?" சொல்லிவிட்டுத் திரையை எட்டிப் பார்க்கிறார். "ஓடுதா? ஓடட்டும், ஓடட்டும்." போய்விட்டார். அவருடைய சென்ட் வாசனை மட்டும் நிற்கிறது. அவர்கள் கண்ட பலன் வாடை போனது. நாங்கள் வைத்தது வாடைக்கா? வாடை எங்கே போனது? இதை நான் யோசித்தேனா? மின்னல் உடைத்திருக்கும் என்று விட்டுவிட்டேன். உடைத்தாலும் கந்தகம் கந்தகம்தான், அது காணாமல் போகிற பொருள் இல்லை. எங்கேயாவது உட்காரும். எங்கே உட்காரும். மணிகளில். அடக் கடவுளே, மணிகளில்தான். பல்லேடியத்துக்குக் கந்தகம் விஷம், இது எனக்குத் தெரியாததா, வகுப்பில் நானே நடத்துகிற பாடம். அதனால்தான் முன்னால் ஒரு வடிகட்டி வைத்தோம். அந்த வடிகட்டி எப்போதோ நிறைந்துபோயிருந்தால்? நிறைந்திருந்தால் வாடை வெளியே வந்து நமக்குச் சொல்லியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், இல்லை, வராது, பின்னால் மணிகள் இருக்கின்றனவே, அவை வாங்கிக்கொள்ளும். வாங்கி வாங்கி, தின்று தின்று, ஜனம் மூக்கு குளிர்ந்து என்னைக் கும்பிட்ட ஒவ்வொரு நாளும் மணிகள் செத்துக்கொண்டே வந்திருக்கும். தான் எந்த மாற்றமும் அடையாமல். யார் எழுதினார்கள் அதை. உலகத்தில் யார் அப்படி இருக்கிறார்கள்.

இரு, அவசரப்படாதே. இன்னும் மேடு வரவில்லை. செத்திருந்தால்தான் என்ன, மீத்தேன் உடையாமல் வெளியே போகும், மெலிசாகத்தானே போகும், பற்றாதே. பற்றாத கேஸ்தானே. காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்குக்குக் கீழே இருந்தால் பற்றாது. மழை. ஜன்னல் கம்பியில் முதல் துளிகள். மழை பெய்தால் மேட்டின் மண் நனைந்து அடைத்துக்கொள்ளும், புல் வழியாக ஊரெல்லாம் பரவிப் போகிற கேஸ் போக வழியில்லாமல் குழாய்க்கே வரும். கெட்டியாக வரும். கெட்டியானால் ஆபத்து என்று நாங்களே ஒரு காவல் வைத்தோம், ஐந்தை நெருங்கினால் மின்சாரம் தானாக நின்றுவிடும், மின்னல் அணைந்துவிடும். லைட்டு அணைஞ்சு அணைஞ்சு எரியுது மேடம். நேற்று மழை. அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. மின்னல் அணைந்தால் மின்சாரம்தான் நிற்கும், கேஸ் நிற்காதே. செத்த மணிகள் வழியாக அப்படியே நடந்து, சலங்கையை மட்டும் அங்கே கழற்றி வைத்துவிட்டு, வெளியே வரும். வெளியே தகரம். மீத்தேன் லேசான வாயு, மேலே போகப் பார்க்கும், தகரம் விடாது, கூரைக்குக் கீழே கூடும். கூரைக்குக் கீழே பஜ்ஜிச் சட்டி. துளசிமணி அக்கா மூக்கை உறிஞ்சிப் பார்ப்பாள், அம்மா மாதிரி. வாடை இல்லை. பற்றவை.

மேடு. எழும்புகிறது. நின்றுவிடு, போதும், நின்றுவிடு. நிற்கவில்லை. திரையின் உச்சிவரை போகிறது, அதற்கும் மேலே போகிறது, மெஷின் தானாக அளவைச் சுருக்கி மறுபடி காட்டுகிறது, அப்போதும் உயரமாகவே நிற்கிறது. உள்ளே போனது உடையாமல் அப்படியே வெளியே வந்திருக்கிறது. பிறகு வரவேண்டிய கார்பன் டை ஆக்ஸைடுக்குக் காத்திருக்கக்கூட வேண்டாம். செல்போன், செல்போன் எங்கே, கையில்தான் இருக்கிறது. துளசிமணி அக்கா. மணி அடிக்கிறது. எடு அக்கா. விருந்தாளிகள் வந்திருப்பார்கள், போனை எங்கேயோ வைத்திருப்பாள். எடு. அடித்து அடித்து நின்றுவிட்டது. தாமோதரன். "சொல்லுங்க மேடம்." "உடனே ஓடிப்போய்த் துளசிமணி அக்கா அடுப்பை அணைக்கச் சொல்லுங்க. சிலிண்டரைத் திருகி மூடச் சொல்லுங்க. எல்லாரையும் அந்தத் தகரத்த விட்டு வெளிய கூட்டிட்டு வாங்க." "மேடம், வாடையே இல்லீங்களே." "தாமோதரன், ஓடுங்க!" நான் கத்தினேன் போலிருக்கிறது, தொண்டை எரிகிறது. செருப்புச் சத்தம், மழைச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம், பெண்கள் சிரிப்பு, வாங்க வாங்க என்று குரல். பிறகு அவர் மூச்சு வாங்குவது கேட்கிறது. "அணைச்சாச்சு மேடம். அந்தக்காவுக்கு ஒண்ணும் புரியல. நாலஞ்சு பேர் வீட்டுக்குள்ள உக்காந்திருக்காங்க, மாப்பிள்ள வீட்டாளுங்க."

அணைத்தாயிற்று. கூரைக்குக் கீழே இன்னும் ஐந்து பங்கு சேரவில்லை போலிருக்கிறது. மூச்சு வருகிறது. அழுகையும் வருகிறது. இதோடு விட்டுவிடலாம்தானே. அடுப்பு அணைந்தது, அவர்கள் காப்பி குடித்துவிட்டு, பெண்ணைப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வால்வு இருக்கிறது. திருப்பினால் கேஸ் கருவிக்குப் போகாமல் பழைய உயரக் குழாய் வழியே வானத்துக்குப் போய்விடும். வாடையும் வரும், பழைய நாற்றம், மழைக்காற்றில் தெரு முழுக்க இறங்கும். கொஞ்ச நேரம் பொறுத்தால் என்ன? சங்கீதா பட்டுச்சேலையில் இருப்பாள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பீடி பற்றவைப்பார். மழைக்கு ஒதுங்கினவர்கள் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் ஒதுங்குவார்கள். மாப்பிள்ளையின் மாமா சிகரெட் பிடிக்க வெளியே வருவார், வாடை இல்லையே என்று நிம்மதியாகப் பற்றவைப்பார். யார் யாருக்கு நான் போன் பண்ணுவேன்? எத்தனை பேரைத் தாமோதரன் ஓடி ஓடிப் பிடிப்பார்? எல்லார் வீட்டுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சொல்லக்கூடியது வாடை ஒன்றுதான். அதைத்தான் நான் அவர்களிடமிருந்து வாங்கிவிட்டேன். "தாமோதரன், வால்வைப் பழைய குழாய்க்குத் திருப்புங்க." "மேடம், நாளைக்கு ஃபங்ஷன். இங்க வேற பொண்ணு பாக்கறாங்க." "தெரியும். திருப்புங்க. நான் லைன்லயே இருக்கேன்." இரும்பு கிறீச்சிடுகிறது, துருப்பிடித்த சக்கரம், ஒரு சுற்று, இன்னொரு சுற்று. குழந்தைவேல் சாரிடம் என்ன சொல்வேன். சொல்லிக்கொள்ளலாம். பேனரைத் திருப்பிக் கட்டினால் கூரைக்கு ஆகும்.

துளசிமணி அக்கா கூப்பிடுகிறாள். எடுக்கக் கை வரவில்லை, எடுத்தேன். "என்னாச்சுங் அம்மிணி? தாமோதரன் ஓடியாந்து அடுப்ப அணைச்சுப்போட்டாரு. பஜ்ஜி பாதி மாவாக் கெடக்குது." சொன்னேன். வாடை இல்லாமலும் கேஸ் வரும் அக்கா, மெஷின் கெட்டுப்போச்சு, கேஸ் உங்க கூரைக்குக் கீழதான் நின்னுருக்கு என்று, எனக்குத் தெரிந்த எளிய வார்த்தையிலெல்லாம் சொன்னேன். வால்வைத் திருப்பியதையும் சொன்னேன். மழை மட்டும் கேட்கிறது. உள்ளே யாரோ, பொண்ண வரச் சொல்லுங்க என்கிறார்கள். "பழைய வாடை வருமுங்களா?" "வரும்க்கா." "இப்பவேவா?" "இப்பவே." "அவிங்க காப்பிகூட இன்னும் குடிக்கலீங்." என்னை மன்னிச்சுக்கங்க அக்கா என்றேன், அது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. லைன் கரகரக்கிறது. "வந்து..." என்கிறாள், மீதி மழையில் போய்விட்டது. வந்துட்டாங்க என்றால் சங்கீதா கூடத்துக்கு வந்துவிட்டாள், தட்டோடு, தலை குனிந்து. அப்படியே இருக்கட்டும், ஒரு நிமிடம் அப்படி இருக்கட்டும். "என்னக்கா, கேக்கல." "வந்துருச்சுங் அம்மிணி" என்றாள். "வாடை வந்துருச்சுங்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள், பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாது என்பதுபோல. "சன்னலச் சாத்திரட்டுங்களா? அவிங்க உள்ளதான் இருக்காங்க. சாத்திட்டா கொஞ்ச நேரம் தாங்குமுங்." திறந்துதான் ஆகவேண்டும். வீட்டுக்குள்ளேயும் போயிருக்கும், சுவரோடு ஒட்டிய வீடு, உள்ளே புகுந்தது வெளியே போக வேண்டும். "சாத்தாதீங்க அக்கா. கதவு, சன்னல் எல்லாத்தையும் தொறந்து வைங்க. நல்லாத் தொறங்க." அவள் திட்டவில்லை. போனை எங்கேயோ வைக்கிற சத்தம், நடக்கிற சத்தம். அப்புறம் ஒரு கொக்கி விலகுகிற சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து, இன்னொன்று.